மசாய் மாரா போகிறவர்களுக்கு: டிக்கெட், வண்டி, ஊசி, மற்ற எல்லாம்

சென்னையில் கென்யா சஃபாரிக்கு விசாரித்தால் முதலில் கைக்கு வரும் திட்டம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: ஏழு நாள், ஐந்து இடம். நைரோபி, அம்போசெலி, நைவாஷா, நகுரு, மசாய் மாரா. பட்டியலாகப் படிக்க நிறைவாக இருக்கும். வரைபடத்தை விரித்து வைத்துப் பார்த்தால்தான் சங்கதி தெரியும். அம்போசெலி நைரோபிக்குத் தெற்கே, கிளிமஞ்சாரோவைப் பார்த்தபடி இருக்கிறது. மசாய் மாரா என்ற வனவிலங்குக் காப்பகம் (சுருக்கமாக மாரா) மேற்கே, தான்சானியா எல்லையில் இருக்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சாலையில் போக வேண்டுமானால் நைரோபிப் பக்கமாகத்தான் சுற்றி வர வேண்டும். விடிகாலையில் கிளம்பினால் சாயங்காலம் ஆகிவிடும். விலங்குகள் நடமாடுவது காலையில் முதல் மூன்று மணி நேரமும் மாலையில் கடைசி இரண்டு மணி நேரமும். அந்த நேரத்தில் நீங்கள் நெடுஞ்சாலையில் லாரிக்குப் பின்னால் போய்க்கொண்டிருப்பீர்கள்.

அதனால் திட்டம் போடும்போதே ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரு வாரம்தான் கையில் இருக்கிறது என்றால் மாராவில் நான்கு இரவு தங்குங்கள். போகும் வழியிலோ வரும் வழியிலோ நைவாஷா ஏரியில் ஓர் இரவு. அவ்வளவு போதும். காண்டாமிருகம் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்கள் நைவாஷாவுக்குப் பதில் நகுரு ஏரியைச் சேர்த்துக்கொள்ளலாம். மாராவில் காண்டாமிருகம் உண்டு, ஆனால் எண்ணிக்கை மிகக் குறைவு. சிங்கம், சிறுத்தை, சிவிங்கிப்புலி (சீட்டா), யானை, காட்டெருமை, கழுதைப்புலி, ஒட்டகச்சிவிங்கி, நீர்யானை, முதலை எல்லாம் மாராவிலேயே இருக்கின்றன. அவற்றைப் பார்க்க இன்னொரு பூங்காவுக்கு ஓட வேண்டியதில்லை. அதே இடத்தில் இன்னொரு காலை உட்கார்ந்திருந்தால் போதும்.

மாராவையும் தான்சானியாவில் உள்ள செரங்கெட்டிப் பூங்காவையும் ஒரே பயணத்தில் முடிக்க நினைப்பவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. இரண்டும் ஒரே புல்வெளிதான், நடுவில் வேலிகூடக் கிடையாது. விலங்குகள் போகலாம், சுற்றுலாப் பயணி போக முடியாது. மாராவின் தெற்கு ஓரத்தில் உள்ள எல்லை வழி 1977லிருந்து பயணிகளுக்கு மூடப்பட்டிருக்கிறது. மேற்கே இசெபானியா வரை போய், குடியேற்றச் சோதனை முடித்து, வண்டியையும் டிரைவரையும் மாற்றிக்கொண்டுதான் தான்சானியாவுக்குள் போக வேண்டும். ஒரு முழுப் பகல் போய்விடும், தான்சானியா விசா தனி. பத்து நாளுக்குக் குறைவாக இருந்தால் ஒரு நாட்டோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

எந்த மாதம்

மழை இரண்டு பருவம். மார்ச் முதல் மே வரை பெரிய மழை, நவம்பர், டிசம்பரில் சிறிய மழை. நம் ஊரில் பள்ளிக்கூடம் கோடை விடுமுறை விடுகிற ஏப்ரல், மே மாதங்கள்தான் அங்கே பெரிய மழைக்காலம். விலை குறைவாக இருக்கிறதே என்று பிள்ளைகளோடு மே மாதம் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். மாராவின் பெரும்பகுதி கரிசல் மண். காய்ந்திருக்கும்போது பாளம் பாளமாக வெடித்திருக்கும்; இரண்டு மணி நேரம் மழை பெய்தால் டயரைச் சுற்றி அப்பிக்கொண்டு வண்டியை நகரவிடாது. கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புல்லும் இடுப்பளவு உயர்ந்திருக்கும் என்பதால் படுத்திருக்கும் சிங்கம் பத்தடியில் இருந்தாலும் தெரியாது. சில கேம்ப்கள் அந்த மாதங்களில் மூடியே இருக்கும்.

வில்டபீஸ்ட் என்ற, மாடு போன்ற மானின் மந்தை தான்சானியாவிலிருந்து மாராவுக்குள் வருவது ஜூலையில். ஆகஸ்ட், செப்டம்பர் உச்சம். அக்டோபரில் திரும்பத் தொடங்கும். மந்தை மாரா ஆற்றைக் கடக்கும் காட்சிக்காகப் போகிறீர்கள் என்றால் ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் இறுதி வரை உள்ள காலம்தான் பாதுகாப்பான தேர்வு. காலாண்டு விடுமுறையில் கொஞ்சம் கூடுதலாக லீவ் சேர்த்தால் கச்சிதமாகப் பொருந்தும். மந்தை முக்கியமில்லை, பூனை இனங்களைத்தான் பார்க்க வேண்டும் என்றால் ஜனவரி, பிப்ரவரி அருமையான மாதங்கள். வில்டபீஸ்ட் அப்போது தெற்கே குட்டி போடப் போயிருக்கும், ஆனால் சிங்கமும் சிறுத்தையும் அவற்றோடு கிளம்பிப் போவதில்லை. வண்டிகளின் கூட்டமும் குறைவு, டிக்கெட்டும் பாதி விலை. முதல் முறை போகிறவர்களுக்கு நான் பிப்ரவரியைத்தான் சொல்வேன்.

டிக்கெட் கணக்கு

இதைப் புரிந்துகொள்ளாமல் புக் செய்கிறவர்கள் நூற்றுக்கணக்கான டாலரை வீணாக்குகிறார்கள். 2024இலிருந்து மாரா காப்பகத்தின் நுழைவுக் கட்டணம் வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு ஜனவரி முதல் ஜூன் வரை நாளொன்றுக்கு 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். 9 வயது முதல் 17 வரை 50 டாலர். அதற்குக் கீழே இலவசம். முன்பு டிக்கெட் வாங்கிய நேரத்திலிருந்து 24 மணி நேரம் செல்லும். இப்போது காலை 6 முதல் மாலை 6 வரை, பன்னிரண்டு மணி நேரம் மட்டும். காப்பகத்துக்குள் தங்கியிருப்பவர்கள் கிளம்பும் நாளில் காலை 10 மணிக்குள் வெளியேறிவிட வேண்டும். தாண்டினால் இன்னொரு நாள் கட்டணம்.

ஆகஸ்டில் கணவன், மனைவி இருவர் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நைரோபியிலிருந்து சாலையில் வந்து மதியம் 3 மணிக்குக் கேட்டைத் தொடுகிறார்கள். உள்ளே போய் மூன்று மணி நேரம் சுற்றினால் இருவருக்கும் 400 டாலர். மறுநாள் முழுப் பகல் சுற்றினாலும் அதே 400 டாலர்தான். அப்படியானால் வந்து சேரும் நாளில் கேட்டுக்கு வெளியே உள்ள கேம்பில் தங்கிக் குளித்து ஓய்வெடுத்துவிட்டு, மறுநாள் காலை 6 மணிக்குக் கேட் திறக்கும்போது முதல் வண்டியாக நுழைவதுதான் லாபம். மதிய உணவைப் பொட்டலமாக எடுத்துக்கொண்டு மாலை வரை உள்ளேயே இருங்கள். இப்படி நான்கு இரவுக்கு மூன்று முழு நாள் டிக்கெட் போதும். கிளம்பும் நாள் காலையில் "ஒரு சின்ன டிரைவ்" என்று உள்ளே போனால் அது நான்காவது டிக்கெட். இதை ஏஜென்ட்டிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: எத்தனை நாள் காப்பகக் கட்டணம் பேக்கேஜில் அடக்கம், எந்தெந்தத் தேதிக்கு.

காப்பகத்தின் மேற்குப் பகுதியான மாரா ட்ரையாங்கிளை 2001லிருந்து தனி அமைப்பு நிர்வகிக்கிறது. சாலைகளும் விதி அமலாக்கமும் அங்கே சற்று மேல். மாரா ஆற்றின் இரு கரைகளும் இப்படி இரண்டு நிர்வாகங்களின் கையில் இருப்பதால், ஒரு பக்கத்து டிக்கெட்டோடு மறு பக்கம் போகும் எண்ணம் இருந்தால் நடைமுறையை முன்கூட்டியே கேம்பில் கேட்டுவிடுங்கள்.

எங்கே தங்குவது

மூன்று வகை. கேட்டுக்கு வெளியே, காப்பகத்துக்குள், கன்சர்வன்சியில்.

செகெனானி, டாலெக் கேட்களின் வெளிப்புறத்தில் மலிவான டென்ட் கேம்ப்கள் நிறைய. கேட்டுக்குப் பத்து நிமிடத் தூரத்துக்குள் இருப்பதாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். "மாராவுக்கு அருகில்" என்று விளம்பரம் செய்துவிட்டு முக்கால் மணி நேரம் தள்ளி இருக்கும் கேம்ப்களும் உண்டு. போக வர ஒன்றரை மணி நேரம், அதுவும் வெளிச்சம் நன்றாக இருக்கும் நேரம் போய்விடும். செகெனானியிலிருந்து ஆற்றைக் கடக்கும் இடங்கள் தூரம் என்பதையும் மனதில் வையுங்கள். ஆற்றுக்குப் போகிற நாளை அதற்கென்றே முழுதாக ஒதுக்க வேண்டும்.

உள்ளே தங்கினால் அந்தத் தூரமெல்லாம் மிச்சம், வாடகை அதிகம்.

கன்சர்வன்சி என்பது காப்பகத்தை ஒட்டி மசாய் குடும்பங்கள் தங்கள் நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்து உருவான பகுதிகள். நபோய்ஷோ, ஒலாரே மொடொரோகி, மாரா நார்த், ஓல் கின்யேய் போன்றவை. அங்கே தங்குகிறவர்கள் மட்டுமே உள்ளே வர முடியும் என்பதால் ஒரு சிறுத்தையைச் சுற்றி முப்பது வண்டி நிற்கும் கொடுமை கிடையாது. காப்பகத்துக்குள் அனுமதி இல்லாத இரவு டிரைவும், துப்பாக்கியுடன் வரும் கைடோடு நடைப் பயணமும் அங்கே பல கேம்ப்களில் உண்டு. தடத்தை விட்டு இறங்கி வண்டி ஓட்டவும் விடுவார்கள். கன்சர்வன்சிக் கட்டணம் வழக்கமாக அறை வாடகையோடு சேர்ந்தே வரும். ஆனால் அங்கிருந்து ஆற்றைப் பார்க்கக் காப்பகத்துக்குள் போனால் அந்த நாள் டிக்கெட் தனி. வசதி இருந்தால் இரண்டு இரவு கன்சர்வன்சி, இரண்டு இரவு காப்பகம் என்று பிரிப்பது சிறந்த ஏற்பாடு. குத்தகைப் பணம் நேரடியாக நில உரிமையாளர்களுக்குப் போகிறது என்பதும் எனக்கு இதில் பிடித்த விஷயம். அந்த வருமானம் நின்றால் அங்கே வேலி வரும், மந்தை போகும் வழி அடையும்.

சாலையா, குட்டி விமானமா

நைரோபியிலிருந்து மாய் மஹியு, நாரோக் வழியாக செகெனானி கேட் வரை ஐந்து, ஆறு மணி நேரம். தார்ச்சாலைதான், கேட்டைத் தாண்டினால் மண் தடம். பள்ளத்தாக்கில் இறங்கும் மலைச்சாலையில் லாரி நெரிசல் அதிகம், காலை 7 மணிக்குள் நைரோபியை விட்டுக் கிளம்பிவிடுவது நல்லது. விமானம் என்றால் வில்சன் என்ற சிறிய நிலையத்திலிருந்து முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம். ஷேர் ஆட்டோ மாதிரி வழியில் இரண்டு மூன்று ஓடுதளங்களில் இறங்கி ஆளை இறக்கி ஏற்றிக்கொண்டு போகும். உங்கள் ஓடுதளத்தின் பெயரைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், கீகோரோக், ஓல் கியோம்போ, முசியாரா என்று பல உண்டு. சாமான் எடை, கைப்பையையும் சேர்த்து ஒருவருக்கு 15 கிலோ. சக்கரம் வைத்த கடினமான சூட்கேஸ் அந்த விமானத்தின் வயிற்றுக்குள் நுழையாது, துணிப்பைதான். பன்னாட்டு விமானம் இறங்கும் ஜோமோ கென்யாட்டா நிலையத்திலிருந்து வில்சன் தூரம் குறைவுதான், ஆனால் நெரிசலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். அதே நாளில் இணைப்பு விமானம் போடுவதாக இருந்தால் நான்கு மணி நேர இடைவெளியாவது வேண்டும். விடிகாலையில் வந்து இறங்குகிறவர்களைத் தவிர மற்றவர்கள் முதல் இரவை நைரோபியில் கழிப்பதே நிம்மதி.

சாலையில் போகிறவர்கள் வண்டி விஷயத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது. கூரை மேலே தூக்கும்படி அமைத்த லேண்ட் குரூசர், நான்கு சக்கர இயக்கம். இதே போலக் கூரை தூக்கும் வேன்கள் மலிவு. காய்ந்த மாதங்களில் சமாளிக்கும், மழை விழுந்தால் கரிசலில் மாட்டிக்கொள்ளும். ஒரு வண்டி மாட்டினால் அதை இழுக்க இன்னொரு வண்டி வர வேண்டும், அன்றைய காலைப்பொழுது அதிலேயே போகும். ஆளுக்கு ஒரு ஜன்னல் இருக்கை என்பதை உறுதி செய்யுங்கள். ஆறு பேருக்கு மேல் ஏற்றினால் யாரோ ஒருவர் நடுவில் உட்கார்ந்து மற்றவர் முதுகைப் பார்த்துக்கொண்டு வருவார்.

வண்டியை விட முக்கியம் டிரைவர்-கைடு. கென்யாவில் தொழில்முறை கைடுகளுக்கான சங்கம் தேர்வு வைத்து வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று தரம் கொடுக்கிறது. உங்களுக்கு வரப்போகிறவர் எந்தத் தரம் என்று புக்கிங்கின்போதே கேளுங்கள். வெள்ளித் தரம் கிடைத்தால் கூடுதல் பணம் கொடுத்தாவது எடுத்துக்கொள்ளுங்கள். தங்கத் தரத்தார் மிகச் சிலரே.

காகிதங்களும் ஊசியும்

கென்யாவுக்கு 2024 ஜனவரியிலிருந்து விசா இல்லை, அதற்குப் பதில் மின்னணுப் பயண அனுமதி. கட்டணம் 30 டாலரும் கார்டுச் செலவும். பாஸ்போர்ட் ஆறு மாதம் செல்ல வேண்டும். புகைப்படம், விமான டிக்கெட், தங்குமிட புக்கிங் மூன்றையும் ஏற்ற வேண்டும். மூன்று நாளில் வரும் என்பார்கள், இரண்டு வாரம் முன்னதாகவே போட்டுவிடுங்கள். தேடினால் அரசுத் தளம் போலவே தோற்றமளிக்கும் இடைத்தரகர் தளங்கள் முதலில் வரும், அவை இரண்டு மூன்று மடங்கு வாங்கும். அரசுத் தளத்தின் முகவரி 'ஜிஓ டாட் கேஇ' என்று முடியும். குழந்தைக்கும் தனி விண்ணப்பம்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைத்தான் பலர் கடைசி வாரம் வரை தள்ளிப்போடுகிறார்கள். இது இந்தியாவுக்குத் திரும்பி வருவதற்காக. கென்யா போல மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் உள்ள நாட்டிலிருந்து சான்றிதழ் இல்லாமல் வந்து இறங்கினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தும் அதிகாரம் விமான நிலைய சுகாதார அலுவலகத்துக்கு உண்டு. ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். அதன்பின் ஆயுள் முழுக்கச் செல்லும். எனவே பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட், துறைமுக சுகாதார அலுவலகம் ஆகிய இடங்களில் போடுகிறார்கள். தெற்கே தூத்துக்குடி துறைமுக சுகாதார அலுவலகம். எல்லா நாளும் போடுவதில்லை. பல பேருக்கான மருந்து ஒரே குப்பியில் வருவதால், திறந்தால் சில மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். அதனால் நாள் குறித்து, பெயர் பதிந்தவர்களை மட்டும் வரவழைக்கிறார்கள். அசல் பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும், சான்றிதழாகத் தரும் மஞ்சள் அட்டையில் உள்ள எண்ணும் எழுத்தும் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகிறதா என்று அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். 60 வயது தாண்டியவர்கள், முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் முதலில் தங்கள் மருத்துவரிடம் பேசிவிட்டுத்தான் போக வேண்டும். பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் டிக்கெட் போடும் முன்பே இதை முடித்துக்கொள்வது உத்தமம்.

மலேரியா மாத்திரை மருத்துவர் எழுதித் தர வேண்டிய விஷயம். அடோவாகோன்-புரோகுவானில் என்றால் போவதற்கு ஓரிரு நாள் முன்பு தொடங்கி, திரும்பிய பின் ஏழு நாள் வரை. டாக்ஸிசைக்ளின் என்றால் திரும்பிய பின் நான்கு வாரம். வெயிலில் தோல் சிவக்கும் பக்கவிளைவும் அதற்கு உண்டு, நாள் முழுக்கத் திறந்த கூரைக்கடியில் நிற்கும் பயணத்துக்கு இது தொந்தரவு. பயணக் காப்பீட்டில் விமானத்தில் தூக்கிப் போகும் அவசர உதவி இருக்கிறதா என்று பாருங்கள். நல்ல மருத்துவமனை நைரோபியில்தான் இருக்கிறது.

பையில் என்ன

ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்து மெல்லிய சட்டை மட்டும் எடுத்துப் போகிறவர்கள் முதல் நாள் காலையிலேயே நடுங்குவார்கள். மாரா கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேலே இருக்கிறது. விடிகாலையில் பத்துப் பன்னிரண்டு டிகிரி, அதில் கூரை திறந்த வண்டியில் காற்று வேறு. ஸ்வெட்டர், விண்ட்சீட்டர், மங்கி கேப் கட்டாயம். பத்து மணிக்கு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு பருத்திச் சட்டையில் இருப்பீர்கள், அதனால் அடுக்கு அடுக்காகப் போடுங்கள். காக்கி, பழுப்பு, சாம்பல், பச்சை நிறங்கள் சரி. கருநீலமும் கறுப்பும் செட்சீ ஈயை இழுக்கும். கடித்தால் துணியைத் தாண்டி வலிக்கும். ராணுவ உடை மாதிரியான புள்ளி போட்ட சட்டை, கால்சட்டை வேண்டவே வேண்டாம், கென்யாவில் அதைச் சாதாரண மக்கள் அணிவது சட்டச் சிக்கல். டிரோனையும் வீட்டில் வைத்துவிடுங்கள்.

பிளாஸ்டிக் கேரி பேக் 2017 ஆகஸ்டிலிருந்து கென்யாவில் தடை, அபராதம் கடுமை. நம் வழக்கப்படி செருப்பையும் ஈரத் துணியையும் கேரி பேக்கில் சுற்றி வைக்காமல் துணிப்பையில் வையுங்கள். விமானத்தில் டியூட்டி ஃப்ரீ பை கையில் இருந்தால் இறங்கும் முன் விட்டுவிட்டு வாருங்கள். 2020 ஜூனிலிருந்து பூங்காக்களுக்குள் ஒருமுறை பயன்படுத்தும் தண்ணீர் பாட்டிலும் கூடாது. எவர்சில்வர் பாட்டில் ஆளுக்கொன்று எடுத்துப் போங்கள், கேம்பில் நிரப்பித் தருவார்கள்.

மின்சாரம் நம் ஊர் வோல்டேஜ்தான், ஆனால் பிளக் சதுர முனை மூன்று உள்ள இங்கிலாந்து வகை. பல டென்ட் கேம்ப்களில் சூரிய மின்சாரமும் ஜெனரேட்டரும், இரவில் நிறுத்திவிடுவார்கள். மூச்சுக்கருவி வைத்துத் தூங்குகிறவர்கள் இரவு முழுக்க மின்சாரம் உண்டா என்று புக் செய்யும்போதே கேட்க வேண்டும்.

சாப்பாடு பற்றிக் கவலை வேண்டாம். கென்யாவில் இந்திய வம்சாவளியினர் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள், சப்பாத்தி அந்நாட்டு உணவாகவே ஆகிவிட்டது. பச்சைப்பயறுக் குழம்பு, பீன்ஸ், சுகுமா விக்கி என்ற கீரைப் பொரியல் எங்கும் கிடைக்கும். சைவம் என்று முன்பே சொல்லிவிட்டால் மதியப் பொட்டலத்தில் வெறும் ரொட்டியும் ஆப்பிளும் வைப்பதைத் தவிர்க்கலாம்.

உள்ளே

கிளம்பும் நேரத்தில் பேரம் பேசாதீர்கள். ஆறு மணிக்குக் கேட் என்றால் ஐந்தரைக்கு வண்டியில் இருக்க வேண்டும். காலைச் சாப்பாட்டை உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எட்டு மணிக்குக் கிளம்பும் குழுக்கள் சிங்கத்தைத் தூங்கும் நிலையில் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பும். சிற்றுண்டியையும் கட்டிக்கொண்டு போங்கள். சாப்பிடும் இடத்தில் தலைக்கு மேல் பருந்து வட்டமிடுகிறதா என்று பாருங்கள். கையிலிருக்கும் சாண்ட்விச்சைப் பறக்கும்போதே பிடுங்கிக்கொண்டு போகும், நகம் விரலைக் கிழிக்கும். மரத்தடியில் தின்பதானால் குரங்கும் பபூனும் பார்த்துக்கொண்டிருக்கும்.

கழிப்பறை கேட்களிலும் ஓடுதளங்களிலும் சில லாட்ஜ்களிலும் மட்டும். இடையில் அவசரமானால் தயங்காமல் டிரைவரிடம் சொல்லுங்கள், அவர்களுக்கு இது தினசரி விஷயம். வெட்ட வெளியில் நிறுத்தி, சுற்றிலும் பார்த்து, வண்டியின் பின்புறத்தைக் காட்டுவார். புதர் பக்கம் போகக் கூடாது. பயன்படுத்திய காகிதத்தை ஒரு காகிதப் பையில் போட்டுத் திருப்பி எடுத்து வர வேண்டும். இதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருந்து மதியம் தலைவலியோடு படுக்கிறவர்கள் பலர், முக்கியமாகப் பெண்கள். குடியுங்கள்.

ஆறு கடக்கும் காட்சிக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. மந்தை கரைக்கு வரும், முன்னால் நிற்பவை தண்ணீரை முகர்ந்து பார்க்கும், பின்னாலிருந்து அழுத்தம் கூடும், புழுதி கிளம்பும். பிறகு ஒரு வரிக்குதிரை மிரண்டு திரும்பினால் மொத்தக் கூட்டமும் மேட்டுக்கு ஏறிவிடும். மூன்று மணி நேரம் கழித்து அதே இடத்தில் இறங்கலாம், இறங்காமலும் போகலாம். வண்டிகள் கரையிலிருந்து தள்ளி, முதல் விலங்கு தண்ணீரில் குதிக்கும் வரை அசையாமல் நிற்க வேண்டும். இறங்கும் பாதையில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் பின்னால் உள்ளவை செங்குத்தான இடத்தில் குதித்துக் காலை ஒடித்துக்கொள்ளும். 2025இல் செரங்கெட்டிப் பக்கம் பயணிகள் வண்டியை விட்டு இறங்கிக் கரையில் திரண்டு மந்தையின் வழியையே மறித்த காணொளி உலகம் முழுக்கப் பரவியது. உங்கள் டிரைவர் தள்ளி நின்றால் அவரை நெருக்காதீர்கள், அவர்தான் நல்ல டிரைவர்.

சிவிங்கிப்புலி விஷயத்தில் இது இன்னும் முக்கியம். அது பகலில் வேட்டையாடும் விலங்கு, கரையான் புற்றின் மேல் ஏறி நின்று தூரத்தில் உள்ள மான்களைப் பார்க்கும், புல்லில் பதுங்கிப் பதுங்கிப் போகும். நடுவில் ஒரு வண்டி வந்து நின்றால் அந்த வேட்டை முடிந்தது. மாராவில் நடந்து 2018இல் வெளியான ஓர் ஆய்வு, பயணிகள் அதிகம் வரும் பகுதியில் ஒரு தாய் ஓர் ஈற்றுக்குச் சராசரியாக 0.2 குட்டியைத்தான் வளர்த்து ஆளாக்குகிறது, குறைவாக வரும் பகுதியில் 2.3 குட்டி என்று காட்டியது. பத்தில் ஒரு பங்கு. ஓர் இடத்தில் ஐந்து வண்டிக்கு மேல் கூடாது, மற்றவர் காத்திருந்தால் பத்து நிமிடத்தில் நகர வேண்டும் என்ற விதி இருக்கிறது. பெரிய டிப்ஸ் தருகிறேன், இன்னும் கொஞ்சம் கிட்டப் போங்கள் என்று பயணிகள் கேட்பதால்தான் அது மீறப்படுகிறது. அப்படிக் கேட்காமல் இருப்பது நம் கையில் இருக்கிறது.

படம் எடுக்கிறவர்களுக்கு: 100-400 அல்லது 200-600 லென்ஸ் போதும். டிரைபாட் வண்டிக்குள் உதவாது. காலிப் பீன் பேக் எடுத்துப் போய் அங்கே அரிசியோ பயறோ வாங்கி நிரப்பிக் கூரை விளிம்பில் வையுங்கள். இன்ஜினை அணைக்கச் சொல்லுங்கள், அதிர்வில் படம் கலங்கும். பத்து மணிக்கு மேல் தரை சூடாகி அலையலையாகக் காற்று எழும்பும். அப்போது நூறு மீட்டர் தள்ளி உள்ள சிங்கத்தை எந்த லென்ஸிலும் கூர்மையாக எடுக்க முடியாது. லென்ஸில் கோளாறு என்று பலர் நினைப்பது இதைத்தான். புழுதியில் லென்ஸ் மாற்றாதீர்கள். கேமரா இல்லாதவர்களுக்கு 8x42 பைனாகுலர் ஆளுக்கொன்று. இரண்டு பேருக்கு ஒன்று என்றால் மரத்திலிருந்து சிறுத்தை இறங்கும் நேரத்தில் அது எப்போதும் மற்றவர் கையில்தான் இருக்கும்.

பலூன் பயணம் அழகுதான். ஆளுக்கு 450 டாலருக்கு மேல், ஒரு மணி நேரம். அந்தப் பணத்தில் இன்னொரு நாள் தங்குவது எனக்குச் சரியாகப் படுகிறது. நான்கு இரவுக்கு மேல் ஏற்கெனவே இருக்கிறவர்கள் போகலாம்.

கேம்பில், பணம், திரும்பும்போது

பெரும்பாலான கேம்ப்களுக்கு வேலி கிடையாது. இருட்டிய பின் டென்ட்டிலிருந்து சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகக் காவலாளியைக் கூப்பிடுங்கள், விசிலோ டார்ச்சோ கொடுத்திருப்பார்கள். சிங்கத்தை விட நீர்யானைதான் கவலை. இரவில் ஆற்றை விட்டு ஏறி டென்ட்களுக்கு நடுவில் புல் மேயும். வெளியே போகும்போது ஜிப்பை முழுக்க மூடிக் கொக்கியும் போடுங்கள், குரங்குகளுக்கு ஜிப் திறக்கத் தெரியும்.

டாலர் நோட்டு புதிதாக, கிழியாமல், கிறுக்கல் இல்லாமல் இருக்க வேண்டும். பழைய வரிசை நோட்டுகளைத் தொட மாட்டார்கள். டிப்ஸுக்கு ஐந்து, பத்து டாலர் நோட்டுகளாக எடுத்துப் போங்கள். கைடுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 10 முதல் 15 டாலர் வழக்கம், கடைசி நாளில் உறையில் போட்டுக் கையில் கொடுப்பது மரியாதை. சமையல், துப்புரவு ஊழியர்களுக்குப் பொது உண்டியல் இருக்கும். விமான நிலையத்திலேயே சஃபாரிகாம் சிம் வாங்கிவிடுங்கள், மாராவுக்குள் அதுதான் ஓரளவு எடுக்கும்.

திரும்பும்போது மஞ்சள் அட்டை பெட்டிக்குள் போகக் கூடாது, பாஸ்போர்ட்டோடு கையில் இருக்கட்டும். நைரோபியில் ஏறும்போதும் கேட்கலாம், இங்கே இறங்கும்போது சுகாதார மேசையில் கேட்பார்கள். மலேரியா மாத்திரையை ஊர் வந்துவிட்டோம் என்று நிறுத்தாமல் முடிக்க வேண்டும். அடுத்த மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், சாதாரணக் காய்ச்சல் போலத் தெரிந்தாலும், அன்றைக்கே மருத்துவரிடம் போய் கென்யா போய் வந்ததை முதல் வாக்கியமாகச் சொல்லி மலேரியாவுக்கு ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.